இந்தத் தளத்தை நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வெளியே ஓடிவிடுவார்கள். அவர்களை அழைத்துப்போக வந்த ஆயாக்களும் தாத்தாக்களும் கைபேசியை நீட்டிக்கொண்டு என் மேசையைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் கேட்ட ஐயத்தையே மறுவாரம் இன்னொருவர் கேட்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, என் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பியே நிற்கின்றன.

“மோசடித் தளம் என்றால் வைரஸ் உள்ள தளமா அக்கா? திறந்தாலே பணம் போய்விடுமா?”

திறந்து பார்த்ததால் மட்டுமே பணம் போவது மிகவும் அரிது. நீங்கள் கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ எழுதும்போதும், பணம் செலுத்தும்போதும், அந்தத் தளம் தரும் செயலியைக் கைபேசியில் ஏற்றும்போதும்தான் ஆபத்து தொடங்குகிறது. ஆகவே தவறான இணைப்பைத் தொட்டுவிட்டதாகத் தோன்றினால் பதற்றம் வேண்டாம். எதையும் எழுதாமல் மூடிவிடுங்கள்.

நம்மவர்கள் என்னிடம் காட்டியவற்றில் பெரும்பாலானவை வங்கியையோ அரசு அலுவலகத்தையோ போல வேடமிட்டவை, அல்லது பொருளே இல்லாத கடைகள். முதலீடு என்ற பெயரில் வருபவை எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் இழப்பு அவற்றில்தான் பெரிது. தோற்றத்தை வைத்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. உண்மையான தளத்தின் படங்களையும் எழுத்துகளையும் ஒரே பிற்பகலில் படியெடுத்துவிடலாம். ஆதலால் தளம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பாராமல், அது யாருடையது, பணம் யார் கணக்கில் போய்ச் சேர்கிறது என்ற இரண்டையும் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

“முகவரிக்குப் பக்கத்திலேயே பூட்டுப் படம் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?”

பூட்டின் பொருள், உங்கள் கைபேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் செய்தியை வழியில் மற்றவர் படிக்க முடியாது என்பது மட்டுமே. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. திருடனிடமும் ரகசியமாகப் பேசலாம் அல்லவா?

ஒரு காலத்தில் அந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் அதை இலவசமாக, சில நிமிடங்களில் தருகின்றன. இணையத்துக்கு அது நன்மைதான். ஆனால் மோசடிக்காரரும் அதே வரிசையில் நின்று பெற்றுக்கொள்கிறார். மக்கள் பூட்டைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023இல் குரோம் உலாவி அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது.

“முகவரி கோ டாட் ஸெட்ஏ என்று முடிகிறது. நம் நாட்டுத் தளம்தானே?”

அப்படிச் சொல்ல முடியாது. கோ டாட் ஸெட்ஏ முகவரியை உலகின் எந்த மூலையில் இருப்பவரும் சிறு தொகை கட்டிப் பதிவுசெய்துகொள்ளலாம். கவ் டாட் ஸெட்ஏ என்பது வேறு. அது அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது.

முகவரியைப் படிக்கும் முறையை ஒருமுறை கற்றுக்கொண்டால் வாழ்நாளுக்கும் போதும். அஞ்சல் உறையில் வீட்டு எண், தெரு, ஊர் என்று எழுதினால், கடிதம் எந்த ஊருக்குப் போகும் என்பதைக் கடைசி வரிதான் சொல்கிறது. இணைய முகவரியிலும் அப்படியே. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அதற்கு இடப்பக்கத்தில் ஒட்டி நிற்கும் பகுதியே உரிமையாளரின் பெயர். உங்கள் வங்கியின் பெயர் அதற்கும் முன்னால் எங்கோ இருந்தாலும், சாய்கோட்டுக்குப் பின்னால் இருந்தாலும் அது வெறும் அலங்காரம். வங்கியின் பெயரோடு ‘செக்யூர்’, ‘லாகின்’, ‘அப்டேட்’ போன்ற சொற்களைச் சிறுகோடு போட்டுச் சேர்த்திருந்தாலும் அது வேறொருவர் பதிவுசெய்த வேறு பெயர்தான்.

“எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது, கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பிறகு எப்படிப் பொய்யானது?”

கண்ணாடி உதவாத இடங்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஆர், என் என்ற இரு சிற்றெழுத்துகள் ஒட்டி நின்றால் எம் போலத் தெரியும். பெரிய ஐயும் சிறிய எல்லும் பல எழுத்துருக்களில் ஒரே கோடுதான். இவற்றைவிட மோசமானது, ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்துகளில் சில ஆங்கில எழுத்துகளைப் போலவே இருப்பது. கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். நம் கண்ணுக்கு ஒன்றே.

எனவே இந்த வேலையைக் கண்ணிடம் விடாமல் கருவியிடம் விடுவதே நல்லது. கைபேசியிலோ உலாவியிலோ உள்ள கடவுச்சொல் காப்பானில் உங்கள் வங்கியின் கடவுச்சொல்லைச் சேமித்துவைத்திருந்தால், சரியான முகவரியில் மட்டுமே அது தானாக நிரப்ப முன்வரும். எப்போதும் நிரப்பும் கடவுச்சொல்லை இன்று நிரப்ப மறுக்கிறதென்றால், அதை மீறி நீங்களே தட்டச்சு செய்யாதீர்கள், முகவரியைச் சந்தேகியுங்கள். வங்கிக்கு உரிய செயலியை வைத்திருப்பவர்கள் இணைப்புகளைத் தொடாமல் அந்தச் செயலியின் வழியாகவே போகலாம். நான் என் அம்மாவுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.

“கூகுளில் முதலாவதாக வந்தது. கூகுள் பொய் சொல்லுமா?”

முதலில் வருபவை பல நேரங்களில் காசு கொடுத்துப் போடப்பட்ட விளம்பரங்கள். ‘ஸ்பான்சர்டு’ என்று மேலே சிறிய எழுத்தில் இருக்கும். மோசடிக்காரர்களும் விளம்பரத்துக்குக் காசு கொடுப்பார்கள். விளம்பரத்தைத் தாண்டிக் கீழே போய், மூன்றாம் கேள்வியில் சொன்னபடி முகவரியைப் படியுங்கள்.

“பார்சல் வந்திருக்கிறது, சுங்கத்துக்கு 39 ராண்ட் கட்டுங்கள் என்று செய்தி. நான் சென்னையிலிருந்து ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்!”

இந்தக் குறுஞ்செய்தியின் வலிமையே அந்தத் தற்செயலில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே செய்தியை அனுப்பினால், அவர்களில் சிலர் கட்டாயம் ஏதோ ஒரு பார்சலுக்காகக் காத்திருப்பார்கள். கேட்கும் தொகை சிறியதாக இருப்பதும் திட்டமிட்டதே; அவர்களுக்கு வேண்டியது அந்த 39 ராண்ட் அல்ல, அதைக் கட்டுவதற்காக நீங்கள் எழுதிக்கொடுக்கும் அட்டை எண்.

நாடுகளுக்கிடையே அஞ்சலில் வரும் பதிவுப் பார்சலின் எண்ணுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் 2 ஆங்கில எழுத்துகள், பிறகு 9 இலக்கங்கள், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் 2 எழுத்துகள். இந்தியாவிலிருந்து வந்தால் அந்தக் கடைசி எழுத்துகள் ஐ, என். தனியார் கூரியர்களின் எண்கள் வேறுவிதமாக இருக்கும். எதுவாயினும், அனுப்பியவரிடமிருந்து எண்ணைக் கேட்டு வாங்கி, அஞ்சலகத்தின் அல்லது கூரியரின் தளத்தை நீங்களே திறந்து அதில் இட்டுப் பாருங்கள். செய்தியில் வந்த இணைப்பை மட்டும் தொடாதீர்கள்.

வரிக் காலத்தில், நம் நாட்டு வரித் துறையான சார்ஸின் பெயரில் “சார்ஸ் உங்களுக்குப் பணம் திருப்பித் தருகிறது” என்று வரும் மின்னஞ்சலுக்கும் இதே விடைதான். திரும்ப வரவேண்டிய தொகை இருந்தால் அது சார்ஸின் இணையத் தளமான இஃபைலிங்கில் உள்ள உங்கள் கணக்கிலேயே தெரியும். அங்கே நேராகப் போய்ப் பாருங்கள்.

“தீபாவளிக்கு ஒரு புடவைக் கடை பார்த்தேன். காஞ்சிபுரப் பட்டு 500 ராண்டாம், இன்று ஒருநாள் மட்டுமாம். வாங்கலாமா?”

விலையே பாதி விடையைச் சொல்லிவிட்டது. 500 ராண்டுக்குப் பட்டு நூலும் சரிகையும் நெசவாளியின் கூலியும் விமானச் செலவும் அடங்காது. ஒன்று, வருவது பட்டாக இருக்காது. அல்லது எதுவுமே வராது. “இன்று மட்டும்” என்ற அவசரமும் ஓடும் கடிகாரமும் நீங்கள் யாரிடமும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வைக்கப்படுபவை.

விலை நம்பும்படியாக இருந்தால் அடுத்துச் செய்ய வேண்டியது இது. 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, இணையத்தில் விற்பவர் தம் முழுப் பெயர், சட்ட நிலை, இருப்பிட முகவரி, தொலைபேசி எண், மொத்த விலை, திருப்பித்தரும் விதிகள் ஆகியவற்றைத் தளத்தில் வெளிப்படையாகத் தர வேண்டும் என்கிறது. வெறும் வாட்ஸ்அப் எண்ணும் ஒரு படிவமும் மட்டுமே உள்ள கடை, சட்டம் கேட்பதைத் தரவில்லை என்று பொருள். முகவரி இருந்தால் அதை வரைபடத்தில் தேடுங்கள். ஒருமுறை நாங்கள் தேடிய “தலைமைக் கிடங்கு” டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒருவருடைய வீட்டு வாசலாக இருந்தது. புடவைப் படத்தைப் படத் தேடலில் இட்டால், அதே படம் தமிழ்நாட்டுக் கடையொன்றிலும் வேறு பத்துத் தளங்களிலும் வெவ்வேறு விலைகளில் கிடப்பது பல வேளைகளில் தெரிந்துவிடும்.

“வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்களே?”

தளத்தின் உள்ளேயே இருக்கும் பாராட்டுகளைத் தள உரிமையாளரே எழுதிக்கொள்ளலாம். வாடிக்கையாளர்கள் கருத்து எழுதும் ஹெலோபீட்டர் தளம் போல வெளியே உள்ள இடங்களில், பாராட்டுகளை விட்டுவிட்டுக் குறைகளை மட்டும் படியுங்கள். “பணம் கட்டினேன், பதில் இல்லை” என்று இரண்டு பேர் சொல்லியிருந்தால் எனக்கு அது போதும்.

“கம்பெனிப் பதிவு எண்ணெல்லாம் கீழே போட்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்தேன், உண்மையான எண்தான். இனி நம்பலாம் அல்லவா?”

இந்தக் கேள்வி என்னைச் சுட்ட கேள்வி. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, இன்வெர்ட்டர் ஒன்றுக்காக ஒரு தளத்தில் பணம் கட்டினேன். பதிவு எண்ணைச் சரிபார்த்த பிறகே கட்டினேன். எண் உண்மையானது, ஆனால் அது இன்னொரு நகரில் ஒழுங்காகத் தொழில் நடத்திக்கொண்டிருந்த வேறு நிறுவனத்தின் எண். அவர்கள் பெயரை இவர்கள் திருடிப் போட்டிருந்தார்கள். இன்வெர்ட்டர் இன்றுவரை வரவில்லை.

எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது பயன்தரும். முதலில் பதிவான ஆண்டு, நடுவில் 6 இலக்கங்கள், கடைசியில் நிறுவன வகை: 07 என்றால் தனியார் நிறுவனம், 06 பொது நிறுவனம், 08 லாபநோக்கற்ற நிறுவனம், 23 பழைய குளோஸ் கார்ப்பரேஷன். “1985 முதல் உங்கள் சேவையில்” என்று எழுதிவிட்டு 2024 என்று தொடங்கும் எண்ணைத் தந்தால் காரணம் கேளுங்கள். பழைய குடும்பத் தொழிலைப் புதிதாகப் பதிந்திருக்கவும் கூடும். நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான சிஐபிசியின் பிஸ்போர்ட்டல் தளத்தில் நிறுவனத்தைத் தேடிப் பார்க்கலாம். வீட்டிலிருந்தபடி முறுக்கும் லட்டும் விற்கும் அம்மாவுக்குப் பதிவு எண்ணே இல்லாதிருக்கலாம், அது குற்றமில்லை. சட்டப்படி தனிநபர் தம் பெயரிலேயே தொழில் செய்யலாம்.

எண்ணும் பெயரும் பொருந்திய பின்னும், அந்த நிறுவனத்துக்கு வேறு வழியில் கிடைத்த தொலைபேசி எண்ணில் அழைத்து “இந்தத் தளம் உங்களுடையதா?” என்று கேளுங்கள். தளத்திலுள்ள எண்ணில் அழைத்தால், திருடனைப் பற்றித் திருடனிடமே விசாரிப்பதாகும். நான் செய்யத் தவறியது இந்த ஓர் அழைப்பைத்தான்.

“அட்டையில் கட்டுவதா, ஈஎஃப்டியில் கட்டுவதா? அட்டை எண்ணைக் கொடுக்கவே பயமாக இருக்கிறது.”

பயம் நியாயமானது, ஆனால் அது தவறான பக்கம் நிற்கிறது. அட்டையில் கட்டிய பொருள் வராவிட்டால், பரிவர்த்தனையைத் திருப்பும்படி உங்கள் வங்கியிடம் முறையிடும் வழி அட்டை நிறுவனங்களின் விதிகளிலேயே இருக்கிறது. அதற்குக் காலக்கெடு உண்டென்பதால் தாமதிக்கக் கூடாது. ஈஎஃப்டியிலோ (வங்கிக் கணக்கிலிருந்து நேராக இன்னொரு கணக்குக்கு அனுப்புவது) பேஷாப்பிலோ (வங்கிகளின் உடனடிப் பணம் அனுப்பும் சேவை) நீங்களே அனுப்பிய பணம் மறுகணக்கில் சேர்ந்துவிட்டால், அந்தக் கணக்கில் அது மிச்சமிருந்தால்தான் நம்பிக்கை. பணத்தை எடுத்துவிட அவர்களுக்கு நிமிடங்கள் போதும்.

ஈஎஃப்டியைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: பெறுநர் பெயர் என்று நீங்கள் என்ன எழுதினாலும், பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே போகிறது. நான் இன்வெர்ட்டருக்குக் கட்டியபோது நிறுவனத்தின் பெயரைத்தான் எழுதினேன். பணமோ ஒரு தனிமனிதரின் கணக்குக்குப் போனது. மாநகராட்சிக் கட்டணம் போன்றவற்றுக்கு, வங்கியே சரிபார்த்துத் தன் பட்டியலில் வைத்திருக்கும் பெறுநரைத் தேர்ந்தெடுங்கள். கடை ஒன்று “அட்டை இயந்திரம் பழுது, ஈஎஃப்டி மட்டும்” என்றாலோ, பரிசு அட்டையோ கிரிப்டோவோ கேட்டாலோ நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

“ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறதாமே?”

இருக்கிறது. மேலே சொன்ன அதே சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் கைக்கு வந்த 7 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். திருப்பியனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. 43ஆம் பிரிவு கேட்கும் விவரங்களை விற்பவர் தரவில்லை என்றால் அந்தக் காலம் 14 நாள். ஆனால் இவை முகவரியும் பெயரும் உள்ள கடைக்காரரிடம் செல்லுபடியாகும் உரிமைகள். ஆளே இல்லாத கடையிடம் சட்டப் பிரிவைக் காட்டிப் பயனில்லை.

“இந்தியா விசாவுக்கு ஒரு தளத்தில் கட்டினேன். விசாவும் வந்துவிட்டது. ஆனால் என் தங்கை அதில் பாதிகூடக் கட்டவில்லை. இது மோசடியா?”

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. தேசியச் சின்னத்தையும் தாஜ்மகால் படத்தையும் போட்டு அரசுத் தளம் போலத் தோன்றும் இடைத்தரகர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர், நீங்கள் தரும் விவரங்களை உண்மையான அரசுத் தளத்தில் நிரப்பிவிட்டு மேலே ஒரு தொகையை வைத்துக்கொள்கிறார்கள். எங்கோ ஒரு மூலையில் “நாங்கள் அரசு அமைப்பு அல்ல” என்று எழுதியும் வைத்திருப்பார்கள். இன்னும் சிலர் பணத்தையும் கடவுச்சீட்டுப் படத்தையும் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள்; அந்தப் படம் வேறொரு மோசடிக்கு மூலப்பொருளாகிறது.

இந்திய அரசின் மின்விசாத் தளத்தின் முகவரி கவ் டாட் இன் என்று முடியும். பழனிக்கோ திருப்பதிக்கோ போகத் திட்டமிடுபவர்கள் கோவில் தரிசனச் சீட்டு, பூஜைக் கட்டணம் ஆகியவற்றிலும் இதே விழிப்போடு இருக்க வேண்டும். கோவிலின் பெயரை யாரும் பதிவுசெய்துகொள்ளலாம். ஐயமிருந்தால் டர்பனிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தைக் கேளுங்கள்.

“நான் கடவுச்சொல்லை மட்டும்தான் கொடுத்தேன். ஓடிபி என் கைபேசிக்குத்தானே வரும்?”

வரும். வந்த ஓடிபியை எழுதுவதற்கும் அந்தப் போலித் தளம் ஒரு கட்டம் வைத்திருக்கும். நீங்கள் இங்கே எழுதும் நொடியிலேயே மறுபுறம் அவர்கள் அதை உண்மையான வங்கித் தளத்தில் எழுதிக்கொண்டிருப்பார்கள். உங்களைப் பொறுத்தவரை நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள். உண்மையில் நுழைபவர் வேறு. வங்கிச் செயலியில் “ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று வரும் கேள்வியும் அப்படித்தான். அதில் தொகையும் பெறுநரும் எழுதப்பட்டிருக்கும். அந்த இரு வரிகளைப் படிக்காமல் விரலை வைக்காதீர்கள்.

“என் மைத்துனர் மாதம் 10 சதவீதம் சம்பாதிக்கிறார். பணத்தை வெளியே எடுத்தும் காட்டினார். இதுவும் பொய்யா?”

அவர் எடுத்தது உண்மையாக இருக்கலாம். தொடக்கத்தில் சிலருக்குக் கொடுத்தால்தான் அவர்கள் உறவினர்களை அழைத்து வருவார்கள். பின்னால் வருபவரின் பணத்தில் முன்னால் வந்தவருக்குக் கொடுக்கும் பழைய சீட்டுத் தந்திரம் இது. மாறியிருப்பது, திரையில் ஏறிக்கொண்டே போகும் எண் மட்டுமே. அந்த எண்ணை எழுதுபவரும் அவர்களே.

ஸ்டெல்லன்போஷில் தொடங்கிய மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் நம் நாட்டின் பெரிய பாடம். உரிமம் இல்லாமல் பிட்காயின் வாங்கிய அந்த நிறுவனத்தைப் பற்றி நிதித்துறை நடத்தை ஆணையமான எஃப்எஸ்சிஏ 2020 ஆகஸ்டிலேயே எச்சரித்தது; ஆண்டு இறுதிக்குள் அது கவிழ்ந்தது. 2022இல் அமெரிக்காவின் கண்காணிப்பு ஆணையம் தொடுத்த வழக்கில், பெறப்பட்டது குறைந்தது 29,421 பிட்காயின் என்று கூறப்பட்டது. எச்சரிக்கை வந்த பிறகும் கட்டியவர்கள் இருந்தார்கள், ஏனென்றால் மைத்துனருக்குப் பணம் வந்துகொண்டிருந்தது.

நிதிச் சேவை தருபவருக்கு எஃப்எஸ்பி எண் என்ற உரிம எண் இருக்க வேண்டும். எஃப்எஸ்சிஏ தளத்தில் தேடினால் அது யாருடையது, எந்தச் சேவைக்கு உரியது என்பது தெரியும். எண் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு என் இன்வெர்ட்டர் கதையை மறுபடி படியுங்கள்.

“பணம் போய்விட்டது. போலீசுக்குப் போவதா, வங்கிக்கா?”

முதலில் வங்கி, அதுவும் அந்த நிமிடமே. அட்டையின் பின்புறத்திலோ செயலியிலோ உள்ள மோசடிப் பிரிவு எண்ணில் அழைத்து, கணக்கை நிறுத்தச் சொல்லி, குறிப்பு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு மறுநாள் வரை காத்திருப்பதால்தான் மீட்டிருக்கக்கூடிய பணம் போகிறது. பிறகு வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். தளத்தின் முகவரி, ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்துவையுங்கள், கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.

அடுத்து காவல் நிலையத்தில் உறுதிமொழி கொடுத்து வழக்கு எண் பெறுங்கள். இணைய மோசடி 2020ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். அதன் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அடையாள எண்ணோ கடவுச்சீட்டோ கைமாறியிருந்தால், எஸ்ஏஎஃப்பிஎஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் இலவசப் பாதுகாப்புப் பதிவு செய்யுங்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால், கடன் தருபவருக்கு அது எச்சரிக்கையாகத் தெரியும். வங்கியின் முடிவு நியாயமில்லை என்று தோன்றினால் தேசிய நிதிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 2024 மார்ச் முதல் வங்கிக் குறைதீர்ப்பாளரின் பணியும் அந்த ஒரே அமைப்பில்தான் இருக்கிறது.

“போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று ஒரு வழக்கறிஞர் தாமாகவே அழைத்தார். கடவுள் அனுப்பியவர் போல இருக்கிறது, அக்கா.”

நீங்கள் ஏமாந்தது உங்கள் குடும்பத்துக்கும் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் தெரியும், ஏமாற்றியவருக்கும் தெரியும். தாமாக அழைக்கும் இந்த “வழக்கறிஞர்” பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள், அல்லது அவரிடம் உங்கள் பெயர் உள்ள பட்டியலை வாங்கியவர். அவருக்கும் அழகான தளம் இருக்கும், பூட்டும் இருக்கும், பதிவு எண்ணும் இருக்கும். “நீதிமன்றக் கட்டணம்” என்று ஒரு முன்பணம் கேட்பார்; கட்டினால் அடுத்து வரி என்பார்.

இதைக் கேட்ட தாத்தா முன்பணத்தை இன்னும் அனுப்பியிருக்கவில்லை. அந்த வழக்கறிஞர் பெயரைச் சட்டத்தொழில் பேரவையின் பதிவில் தேடினோம்; அப்படி ஒருவர் இருந்தார். அவருடைய அலுவலகத்தை நாங்களே அழைத்தபோது, அந்த மாதத்தில் அப்படிக் கேட்ட நான்காவது ஆள் நாங்கள் என்று வரவேற்பறையில் இருந்த பெண் சொன்னார்.